கொட்டச் சொன்ன தண்ணீர்

இயேசு மரி சூசை துணை

கொலோன், செப்டெம்பர், ஞாயிறு பின்னேரம்

என் அன்பு மகள் யூலியாவுக்கு,

அம்மா எழுதுவது. எட்மன்டனில் குளிர் தொடங்க முன்னம் நீயும் மருமகனும் தேக சுகத்தோடும் மன நிம்மதியோடும் இருக்க வேண்டும் என்று மடுமாதாவிடம் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, நாங்கள் இருவரும் நல்ல சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முறைப்பாடு சொல்கிறது, இறங்கும்போது வாயைத் திறப்பதில்லை. தம்பி பென்ஜமின் ஆஹெனில் வேறு வீடு மாறிவிட்டான், குசினியில் புது அடுப்பு இருக்கிறதாம், அதில் உறைந்த பீட்சா சூடாக்கித் தின்கிறான். வழக்கமாகக் கடிதத்தின் தலைப்பில் விலாசம் எழுதித்தான் தொடங்குவேன், இந்த முறை எழுதவில்லை என்று நீ கவனித்திருப்பாய். மறதி என்று நினைக்காதே. விலாசம் கடைசியில் வரும். இப்போதே புரட்டிப் பார்க்காதே, உன் குணம் எனக்குத் தெரியும், சின்ன வயதில் நத்தார் பரிசுகளின் கடதாசியை முதல் நாளே கிள்ளிப் பார்த்தவள் நீ. இந்தக் கதையைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ வேலைக்குப் போகிற அவசரத்தில் பிறகு கதைக்கிறன் அம்மா என்பாய், அப்பாவோ என் தோளுக்குப் பின்னால் நின்று கதையைத் தன் பக்கம் இழுப்பார். எழுதும்போது என்னை ஒருவரும் மறிக்க முடியாது, அவர் இப்போது நித்திரை.

உனக்கு நினைவிருக்கும், எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் பல்கனியில் நான் வைத்த பூச்சாடிகள் எத்தனை சண்டைக்குக் காரணம் என்று. தண்ணீர் ஊற்றினால் கீழ் வீட்டுக்காரியின் உடுப்பில் சொட்டுகிறது என்பார்கள், ஊற்றாவிட்டால் கறிவேப்பிலை செத்துவிடும். முப்பது வருசத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன், முதியோர் இல்லத்துச் சலவை அறையில் எத்தனை ஆயிரம் விரிப்புகளை மடித்தேனோ தெரியாது, ஆனால் நான் கால் வைத்து நின்று இது என்ரை மண் என்று சொல்ல ஒரு பாய் அகலம் நிலம் கிடைக்கவில்லை. அந்த ஆசையை நான் வெளியில் அதிகம் சொல்லியதில்லை, சொன்னால் உன் அப்பா உடனே எனக்கு ஒரு புதுப் பூச்சாடி வாங்கி வந்துவிடுவார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வேலி போட்டுச் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தோட்டங்கள் இருக்கின்றன அல்லவா, ஒவ்வொன்றிலும் ஒரு மரக்குடிலும் இரண்டு ஆப்பிள் மரமும், நீ பள்ளிக்கூடம் போகும் வழியில் வேலியால் கையை விட்டு ஸ்ட்ராபெரி பிடுங்கிய இடம். அங்கே ஒரு துண்டு கேட்டு நாங்கள் பெயர் கொடுத்து எவ்வளவோ காலம். இந்த வைகாசியில்தான் தோட்டச் சங்கத்துத் தலைவர் எமில் வந்து, பதினாலாம் இலக்கம் காலியாகிறது, உங்கள் முறை வந்துவிட்டது, ஆனால் அங்கத்தவர்கள் கை உயர்த்திச் சம்மதிக்க வேண்டும் என்றார். எமில் நல்ல மனிதர், பெரிய மீசை, சிரிக்கும்போது மீசைதான் முதலில் அசையும். ஆனால் பதின்மூன்றாம் இலக்கத்து ரெனாத்தே என்கிற அம்மாவுக்கு எங்களில் விருப்பம் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் நான் அதற்கு முந்தின கிழமையே அந்தத் தோட்டங்களின் வேலியடியில் நின்று மண்ணை ஒரு பிடி எடுத்து மணந்து பார்த்துவிட்டேன். கறுப்பு மண், உதிர்ந்து விழுகிற மண். பிறகு எப்படி விடுவது.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆவணி மாதக் கடைசிச் சனிக்கிழமை எல்லாத் தோட்டத்துப் பச்சைப் போஞ்சிக்காயையும் ஒன்றாகச் சேர்த்து, புகை போட்ட பன்றி இறைச்சியோடு பெரிய பானையில் மெல்லிய நெருப்பில் மணிக்கணக்காக அவிய விட்டு, நீட்டு மர வாங்குகளில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிடுவார்கள். புதிதாக வர விரும்புகிறவர்கள்தான் அன்றைக்குச் சமைக்க வேண்டும். சாப்பாடு முடிந்து சாப்பாட்டுக் கோப்பைகளை எடுக்க முன்னமே வாக்கெடுப்பு. எமில் இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமையல்தானே, இதுக்கே இவ்வளவு பயந்தனான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். அவர் தலையைச் சொறிந்தால் ஏதோ சொல்ல இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று விடிய வெள்ளனப் போனோம். சங்கத்துக் குசினியில் என்னையே உள்ளே வைத்து அவிக்கக்கூடிய அளவில் நீல நிறப் பானை ஒன்று. கூடை கூடையாகப் போஞ்சி வந்திருந்தது, சிலது நகம் பட்டதும் முறிகிற பிஞ்சு, சிலது உள்ளே பயறு தள்ளின முற்றல். எமில் ஒரு பொதியைத் தந்தார், கிராமத்து இறைச்சிக்கடைக்காரர் மரப்புகையில் நாட்கணக்காகத் தொங்கவிட்ட பன்றித் துண்டுகளாம். அதோடு ஒரு கட்டுப் பச்சை இலையும் தந்தார், போனன்க்ரவுட் என்று பெயர், போஞ்சிக்கென்றே போடுகிறதாம். கசக்கி மணந்தேன், யூலியா, நம்முடைய ஓமத்தின் ஒன்றுவிட்ட தங்கச்சி. அதை மணந்ததும் இந்தச் சமையல் எனக்குச் சொந்தமாகிவிட்டது என்று ஒரு திமிர் வந்துவிட்டது. எமில் வாங்கு போடப் போய்விட்டார். நான் பொதியை அவிழ்த்தேன். இறைச்சி வெளியில் எல்லாம் கபில நிறமாக, ஒரு பிசுபிசுப்போடு, புகையறையில் கிடந்த கரியும் எண்ணெயும் பிடித்து இருந்தது. எனக்கு அது அழுக்காகத் தெரிந்தது. இறைச்சி என்று கையில் வந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும்தானே. உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டு உரஞ்சி உரஞ்சிக் கழுவினேன். கைப்பையில் எப்போதும் இருக்கிற மஞ்சள் தூள் போத்தலை எடுத்தேன். பன்றி இறைச்சியை மஞ்சள் போட்டு ஒரு நல்ல கொதி கொதிக்க வைத்து முதல் தண்ணீரைக் கொட்டாமல் சமைத்த நாள் என் வாழ்க்கையில் இல்லை, என் அம்மாவின் வாழ்க்கையிலும் இல்லை. அதையே செய்தேன். நல்லாய்க் கனநேரம் கொதிக்க விட்டேன், அழுக்கு அவ்வளவு இருக்கிறதே என்று.

அப்பா எனக்குப் பின்னால் நின்றார். இஞ்சாருமப்பா, உதைக் கழுவி அவிச்சுக் கொட்டத் தேவையில்லை எண்டு நினைக்கிறன் என்றார். நீங்கள் சும்மா இருங்கோ, எண்டைக்கு நீங்கள் அடுப்படிக்கு வந்தனீங்கள் என்றேன். அதுக்கில்லை, அந்தப் புகைக்குத்தானே அவங்கள் காசு குடுத்து வாங்கினவங்கள் என்றார். உங்களுக்கு வயித்தாலை போனால் நான்தானே பாக்க வேணும் என்று சொல்லி, இறைச்சியை அரித்து எடுத்துவிட்டு, அந்த மஞ்சள் தண்ணீர்ச் சட்டியை அவர் கையில் கொடுத்து, வேலியடியிலை கொட்டிப்போட்டு வாங்கோ, மரத்தடியிலை கொட்டாதையுங்கோ, உப்பு என்றேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் நெடுநேரம் வரவில்லை. யாரோடோ பந்தடி விளையாட்டைப் பற்றிக் கதை அளந்துகொண்டு நிற்கிறார் என்று நினைத்து, திரும்பி வந்ததும் அதற்கும் ஏசினேன். நான் போஞ்சியை நார் எடுத்துக் கையால் முறித்துப் போட்டேன், வெங்காயம், உருளைக்கிழங்கு, அந்த ஓமத்துத் தங்கச்சி, வெளுத்துப்போன இறைச்சி எல்லாம் போட்டு நல்ல தண்ணீர் விட்டு நெருப்பைக் குறைத்தேன். நாங்கள் போஞ்சியைத் தேங்காய்ப்பூ போட்டுப் பச்சை நிறம் மாறாமல் இறக்குகிறவர்கள். இதுவோ மணிக்கணக்காக அவிந்து, பச்சை போய், ஒலிவ் காய் நிறத்துக்கு வந்து, தொட்டால் துவள்கிற மாதிரி. பல்லில்லாதவர்களுக்குச் சமைக்கிறேனோ என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் மணத்தில் ஏதோ குறைகிறது என்று மூக்கு சொன்னது. மனம் கேட்கவில்லை.

மத்தியானம் எல்லோரும் வந்து இருந்துவிட்டார்கள். எமில் கையைத் தேய்த்துக்கொண்டு வந்து மூடியைத் திறந்தார். குனிந்து மணந்தார். இன்னும் குனிந்தார். பிறகு பானைக்குள் எதையோ தொலைத்தவர் போலப் பார்த்து, கொறற்றி, புகை எங்கே என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார். அவருக்குப் பின்னால் ரெனாத்தே நின்றார், நெட்டையான மனுசி, கழுத்தில் கண்ணாடி தொங்கும். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் பத்தியச் சாப்பாடு இப்படித்தான் இருக்கும் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார், நானும் ஒரு கரண்டி வைத்துப் பார்த்தேன். வெந்நீரில் குளித்த போஞ்சி. கழுவி, அவித்து, தண்ணீரையும் கொட்டிவிட்டேன் என்று என் ஜெர்மன் பாஷையில் சொன்னேன். எமிலின் மீசை அசையவில்லை. அந்தத் தண்ணீரில்தானே எல்லாம் இருந்தது என்று மட்டும் மெல்லச் சொன்னார். யூலியா, எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பாடு கெட்டதற்கு இல்லை. ஜன்னலால் பார்த்தால் பதினாலாம் இலக்கம் தெரிந்தது, பூட்டின படலையும் புல்லு மண்டின பாத்தியும். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கிட்ட வந்த மண், என் கையாலேயே கழுவி ஊற்றிவிட்டேன் என்று நினைத்தேன். உன் கல்யாணத்தில்கூட நான் அப்படித் தடுமாறி நின்றதில்லை.

அப்போதுதான் உன் அப்பா செருமினார். செருமிவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது இரண்டு கையாலும் அந்தச் சட்டியைப் பிடித்திருந்தார், மேலே ஒரு சாப்பாட்டுக் கோப்பையால் மூடி. பக்கத்துக் குடிலுக்குப் பின்னால் நிழலில் பத்திரமாக ஒளித்து வைத்திருந்திருக்கிறார். கொட்ட மனம் வரேல்லையப்பா, அந்த வாசத்துக்குப் பின்னேரம் ஒரு துண்டுப் பாணைத் தோய்ச்சுச் சாப்பிடலாம் எண்டு வைச்சனான் என்று தமிழில் எனக்கு மட்டும் சொன்னார். களவாகச் சாப்பிடுவதற்கு ஒளித்தது, மகளே, தூரநோக்கு ஒன்றும் இல்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால் அவர் உனக்குச் சொல்லும்போது, எனக்கு முதலே தெரியும், கொறற்றியைக் காப்பாற்றத்தான் வைத்தேன் என்பார். நம்பாதே. எமில் மூடியைத் தூக்கி மணந்தார், மீசை அசைந்தது. கோவிலில் தீர்த்தம் தெளிக்கிறவர் போலக் கவனமாக அந்த மஞ்சள் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பானைக்குள் விட்டார். நான் ஏற்கெனவே இருந்த தண்ணீரில் பாதியை இறைத்து எடுத்தேன், இந்த முறை கொட்டவில்லை, பயத்தில் ஒரு வாளியில் வைத்துக்கொண்டேன். இனி இன்னொரு முறை மெல்லிய நெருப்பில் அவிய வேண்டும். எல்லோரும் பசியோடு வெளியே இருந்தார்கள். பசியோடு இருக்கிற ஜெர்மன்காரருக்கு முன்னால் நேரம் பிந்துவது எப்படி என்று உனக்கு விளக்கத் தேவையில்லை.

நான் வெளியே போக வெட்கப்பட்டு, மிச்சம் கிடந்த போஞ்சிக் கூடையை எடுத்து வைத்துக்கொண்டு குசினி வாசலில் இருந்தேன். ரெனாத்தே வந்து பக்கத்தில் இருந்து, கேட்காமலேயே தானும் ஒரு பிடி எடுத்து முறிக்கத் தொடங்கினார். கூடை பாதியானது. பிறகு, உங்களுக்கு அந்தத் துண்டு கிடைத்தால் வேலியோரத்துப் பிளம்ஸ் மரத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நான் திடுக்கிட்டு, என்ன செய்வது, பழம் பிடுங்குவது என்றேன். வெட்ட மாட்டீர்களா என்றார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், நிழல் விழுகிறது, இலை கொட்டுகிறது, முதல் வேலை அதை வெட்டுவதுதான் என்று சொன்னார்களாம். மரம் பதினாலில் நின்றாலும் அதன் பாதிக் கிளை அவருடைய பக்கம், ஒவ்வொரு வருசமும் அதில்தான் அவர் ஜாம் காய்ச்சுகிறார். நாங்களும் வெட்டிவிடுவோம் என்ற பயம்தான், எங்களில் விருப்பம் இல்லை என்றதற்குக் காரணம். நானோ எங்கள் நிறம், எங்கள் சத்தம், வீட்டுக்கு வருகிற ஆட்கள் என்று என்னென்னவோ நினைத்து இரவில் நித்திரை கொள்ளாமல் கிடந்தேன். காய்க்கிற மரத்தில் கத்தி வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, உங்கட பக்கம் உங்களுக்கு, எங்கட பக்கத்தில் மிளகாய்த்தூள் போட்டு நான் சட்னி செய்வேன் என்றேன். மிளகாயா என்று கேட்டார். கொஞ்சமாக என்றேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்றார். ஜெர்மன்காரி, அளவு வேண்டும். நான் விரல் நுனியைக் காட்டினேன். அவர் சிரித்தார், நெட்டையான முகம் சிரிக்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தது.

பிறகு பானை வெளியே வந்தது. அந்தப் போஞ்சியை நான் எப்படிச் சொல்வேன். பச்சையும் இல்லை, ஒலிவும் இல்லை, மஞ்சள் ஊறிப் பொன் நிறத்தில் மினுங்கியது. உருளைக்கிழங்கு ஒவ்வொன்றும் முட்டை மஞ்சட்கரு மாதிரி. புகை மணம் வாங்கு நீளத்துக்கும் போனது, அதற்குப் பின்னால் ஓமத்துத் தங்கச்சி, அதற்கும் பின்னால் மஞ்சள். போஞ்சியை நாக்கால் அமத்தினாலே கரைந்தது, ஆனால் கரையும்போது அதற்குள் இருந்த உப்பும் புகையும் வெளியே வந்தது. அவ்வளவு நேரம் ஏன் அவிக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. போஞ்சி அந்தத் தண்ணீரைக் குடிக்கத்தான் அந்த நேரம். எல்லாப் பக்கமும் கரண்டிச் சத்தம்தான். அப்பா பாணைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார், நான் அவருடைய கோப்பையில் இன்னும் இரண்டு அகப்பை ஊற்றினேன், ஏசினதற்கு அதுதான் என் மன்னிப்பு, அவருக்கும் விளங்கியது. எமில் எழுந்து நின்று, பதினாலாம் இலக்கத்துக்கு இன்னாசித்தம்பி குடும்பம், சம்மதிக்கிறவர்கள் கை உயர்த்துங்கள் என்றார். ஒவ்வொரு கையாக மேலே போனது. நான் எல்லோரையும் விட்டுவிட்டு ரெனாத்தேயைத்தான் பார்த்தேன். அவரது இரண்டு கையும் கீழே. பார்த்தால் ஒரு கையில் பாண், மற்றக் கையில் கரண்டி, வாய் நிறையப் போஞ்சி. எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று கண்டதும் பதறிப்போய்க் கரண்டியைத் தூக்கினார், அதிலிருந்து ஒரு போஞ்சி எமிலின் சட்டையில் விழுந்தது. மஞ்சள் கறை போகாது என்று நான் சொல்லவில்லை. வாக்கெடுப்பு முடியட்டும் என்று பொறுத்திருந்தேன்.

அன்றிலிருந்து உன் அப்பாவோடு இருக்க முடியவில்லை. தேத்தண்ணிக் கேத்தலை நான் சரித்தாலும், கொறற்றி, தண்ணியைக் கொட்டிப்போடாதையும் என்கிறார். பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கிற ஆட்களுக்கெல்லாம் கதை சொல்லியாகிவிட்டது, ஒவ்வொரு முறையும் சட்டி பெரிசாகிறது. சொல்லட்டும், என்னால் கோபப்பட முடியவில்லை, சந்தோசம் அவ்வளவு. இந்தக் கிழமை புல்லு வெட்டிப் பாத்தி கொத்தினோம், உள்ளி ஊன்றியிருக்கிறேன், குளிரைத் தாங்குமாம். ரெனாத்தே வேலிக்கு மேலால் ஒரு போத்தல் ஜாம் தந்தார், நான் மஞ்சள் தூள் கொடுத்தேன், எத்தனை கிராம் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த வருசம் யாராவது புதிதாக வந்தால் பானைக்குப் பக்கத்தில் நான்தான் நிற்க வேண்டுமாம், முந்தின வருசம் சேர்ந்தவர்கள் நிற்பதுதான் வழக்கமாம், போன வருசம் ஒருவரும் சேராததால்தான் எனக்கு ஆள் இருக்கவில்லையாம். நிற்பேன். எந்த நாட்டுக்காரர் வந்தாலும் அந்தத் தண்ணீரைத் தொட விடமாட்டேன்.

நீ காலையில் வெறும் கோப்பியோடு வேலைக்கு ஓடுகிறாய் என்று மருமகன் சொன்னார், அவரைக் கோபிக்காதே, நான்தான் கேட்டேன். ஒரு முட்டையாவது அவித்துச் சாப்பிடு. பனி விழுந்தால் தொப்பி போடு, தலைமயிர் கலைகிறது என்று சாட்டுச் சொல்லாதே. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, ஆவணிக் கடைசிச் சனிக்கிழமைக்கு நீங்கள் இருவரும் இங்கே நிற்க வேண்டும், கடைசி நேரத்தில் ரிக்கெற் விலை ஏறிவிட்டது என்று போன் எடுக்கக்கூடாது. உன் பாஸ்போர்ட் முடிகிற திகதியையும் எடுத்துப் பார். மடுமாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், நீங்கள் கை வைத்தது எல்லாம் துளிர்க்கட்டும்.

அப்பா எழும்பிவிட்டார், என்ன எழுதுகிறீர் என்று கேட்கிறார், காட்ட மாட்டேன். இந்தக் கடிதத்தை வீட்டில் இருந்து எழுதுகிறேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. அவர் நித்திரை கொண்டது பிளம்ஸ் மரத்துக்குக் கீழே சாய்வுக் கதிரையில், நான் இருப்பது கவிழ்த்துப் போட்ட ஆப்பிள் பெட்டியில், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மண்ணில் வைத்துக்கொண்டு. பதில் பழைய விலாசத்துக்கே போடு, இங்கே தபால்பெட்டி கிடையாது. ஆனாலும் ஒரே ஒரு முறை இப்படி எழுதிப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

முத்தங்களோடும் ஆசீரோடும்
உன் அம்மா,
கொறற்றி இன்னாசித்தம்பி,
தோட்டம் இலக்கம் 14,
கொலோன்.